மழையில் ஆடியவரும் மறைவில் பாடியவரும்

ஒலிப்பதிவுக் கூடம். மைக்குக்கு முன்னால் கேத்தி என்ற இளம்பெண் நின்று பாடுகிறாள். அந்தப் பாட்டு அவள் பெயரில் வெளிவரப் போவதில்லை. ஊரே கொண்டாடும் நட்சத்திரம் லீனா திரையில் வாயசைப்பாள், கேட்பது கேத்தியின் குரலாக இருக்கும். லீனாவுக்கு முகம் தேவதை மாதிரி, குரலோ தகரத்தில் ஆணியால் கீறியது மாதிரி. பேசாப்படக் காலத்தில் அது ரசிகர்கள் யாருக்கும் தெரியவில்லை. படங்கள் பேசத் தொடங்கியதும் சிக்கல் வந்துவிட்டது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

1952-இல் எம்ஜிஎம் நிறுவனம் வெளியிட்ட 'சிங்கின் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் இசைப்படத்தில் வரும் காட்சி இது. ஒருவர் குரலை இன்னொருவர் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதுதான் கதையின் மையம். ஆனால், கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. பாடியவர் பெட்டி நோய்ஸ் என்ற பாடகி. டைட்டிலில் அவர் பெயர் கிடையாது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. லீனாவுக்காக கேத்தி காதல் வசனம் பேசிப் பதிவு செய்யும் இடமும் படத்தில் வருகிறது. அந்த வசனத்தைப் பேசியவர் யார் தெரியுமா? லீனாவாக நடித்த ஜீன் ஹேகனேதான். நிஜ வாழ்க்கையில் ஹேகனுக்குக் கனிவான, ஆழமான குரல். அந்தக் கீச்சுக் குரலை அவர் பாத்திரத்துக்காக வரவழைத்துக்கொண்டார். ஆக, ஹேகனுக்கு ரெனால்ட்ஸ் குரல் கொடுக்கிறார் என்று படம் நமக்குக் காட்டும் அதே நேரத்தில், ரெனால்ட்ஸுக்கு ஹேகன் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

முதன்முறை இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இசைப்படம் என்றால் என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்று தோன்றியது. அந்த வாசல் வழியாகவே போவோம்.

இசைப்படம் என்றால்?

நமக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். நம் படங்களில் பாட்டு இல்லாவிட்டால்தானே செய்தி? ஹாலிவுட்டில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான படங்களில் யாரும் பாடுவதில்லை. யாராவது பாடினால் அந்தப் படம் தனி வகையில் சேர்ந்துவிடும். அதைத்தான் 'மியூசிக்கல்', இசைப்படம் என்கிறார்கள்.

அதிலும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்றில் கதைமாந்தர்களே மேடைக் கலைஞர்களாகவோ நடிகர்களாகவோ இருப்பார்கள். ஒத்திகை, அரங்கேற்றம் என்று கதைக்குள்ளேயே பாட்டுக்குக் காரணம் இருக்கும். இன்னொன்றில் காரணமே தேவையில்லை. தெருவில் நடந்துபோகிறவன் மனம் நிறைந்து வழிந்தால் பாடத் தொடங்கிவிடுவான், கண்ணுக்குத் தெரியாத வாத்தியக்குழு கூடவே வாசிக்கும். பேச்சு போதாத இடத்தில் பாட்டு, பாட்டும் போதாத இடத்தில் ஆட்டம். இந்தக் கணக்கு சரியாக விழுந்தால் பார்க்கிறவர்களுக்கு எதுவும் உறுத்தாது. தப்பினால் பாட்டு வந்ததுமே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம்.

நான் பேசுகிற படம் இரண்டையும் செய்கிறது. கதை நடப்பது 1927-இல், ஹாலிவுட்டுக்குள். டான் லாக்வுட் (ஜீன் கெல்லி) பேசாப்பட நாயகன். காஸ்மோ (டொனால்ட் ஓ'கானர்) அவனுடைய பால்ய நண்பன், பியானோ வாசிக்கிறவன். கேத்தி வாய்ப்புத் தேடும் நடனப்பெண். டானும் லீனாவும் நடித்த முதல் பேசும்படம் முன்னோட்டக் காட்சியிலேயே கேலிக்கூத்தாகிவிட, அதையே இசைப்படமாக மாற்றிவிடலாம் என்று மூவரும் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து யோசனை கண்டுபிடிக்கிறார்கள். இசைப்படம் எடுப்பதைப் பற்றிய இசைப்படம்.

பாட்டு முதலில், கதை பிறகு

இந்தப் படத்தின் பாடல்களில் பெரும்பாலானவை படத்துக்காக எழுதியவை அல்ல. ஏறக்குறைய இருபது வருடப் பழசு.

தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட். எம்ஜிஎம்மில் இவர் தலைமையில் இயங்கிய குழுதான் 1940-களிலும் 50-களிலும் ஹாலிவுட்டின் சிறந்த இசைப்படங்கள் பலவற்றை எடுத்தது. அதற்கு முன்னால், பேசும்படம் வந்த புதிதில் ஃப்ரீட் ஒரு பாடலாசிரியர். இசையமைப்பாளர் நேசியோ ஹெர்ப் பிரவுனோடு சேர்ந்து எம்ஜிஎம் படங்களுக்கு நிறைய எழுதியிருந்தார். படத்தின் தலைப்புப் பாட்டே 1929-இல் 'த ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929' என்ற படத்தில் வந்ததுதான்.

அந்தப் பழைய பாடல்களை எல்லாம் கோத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஃப்ரீடுக்கு ஆசை. கதை எழுத நியூயார்க்கிலிருந்து பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இருவரையும் 1950-இல் வரவழைத்தார். அவர்களுக்கு ஏமாற்றம். பாட்டும் நாமே எழுதப் போகிறோம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். மற்றவர் பாட்டுக்குக் கதை எழுத மாட்டோம், ஒப்பந்தத்திலேயே அப்படி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு வரியும் இல்லை! சரி என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃப்ரீடின் குழுவில் இருந்த இசைக்கலைஞர் ரோஜர் ஈடன்ஸ் பியானோவில் அந்தப் பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, இருவருக்கும் ஒன்று பிடிபட்டது. இந்த மெட்டுகள் எல்லாம் பேசும்படம் பிறந்த காலத்து வாசனையோடு இருக்கின்றன. இவற்றை நவீனக் கதையில் நுழைத்தால் ஒட்டாது. ஆகவே கதையையே அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய்விடலாம். இந்த ஒரு முடிவில்தான் படம் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் தொடக்கம் அமையவில்லை. பட வெளியீட்டு விழாவில் தொடங்கலாமா, பத்திரிகைப் பேட்டியிலா, அல்லது ஒரு பேசாப்படத்தின் காட்சியிலா என்று மூன்று தொடக்கங்களை எழுதி வைத்துக்கொண்டு திணறினார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்கிற நிலை. அப்போது காம்டனின் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, மூன்றையும் சேர்த்தே வைக்கலாமே என்றார். இன்று படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. விழாவில் டானைப் பேட்டி எடுக்கிறார்கள், அவன் தன் பழைய பெருமையை அளந்துவிடுகிறான், திரையில் அதற்கு நேர்மாறான உண்மை ஓடுகிறது. பிறகு அவன் நடித்த பேசாப்படம். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே, சொல்வது ஒன்று, காட்டுவது ஒன்று என்ற விளையாட்டு தொடங்கிவிடுகிறது.

படம் பேசியபோது என்ன ஆயிற்று

1927 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸின் 'த ஜாஸ் சிங்கர்' வெளியானது. அதற்கு முன்னும் ஒலியோடு சில முயற்சிகள் நடந்திருந்தாலும், தொழிலையே புரட்டிப் போட்டது அந்தப் படம்தான். அதில் ஒலி ஃபிலிமில் இல்லை, தனியாக ஓர் இசைத்தட்டில் இருந்தது. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. புரொஜெக்டரும் தட்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஃபிலிம் எங்காவது அறுந்து, ஆபரேட்டர் நாலு கட்டத்தை வெட்டி ஒட்டினால், அவ்வளவுதான், அந்த இடத்திலிருந்து வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஊசி தாவினாலும் அதே கதி.

நம் படத்தின் முன்னோட்டக் காட்சியில் இது நடக்கிறது. ஒலி பின்தங்கிப் போகிறது. லீனா வாயைத் திறந்தால் வில்லனின் கட்டைக் குரல், வில்லன் தலையை ஆட்டினால் லீனாவின் கீச்சுக் குரல். எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய திரையரங்குகளில் இப்படி நிஜமாகவே நடந்தது.

மைக் இன்னொரு தொல்லை. ஆரம்பகால மைக்கை நடிகரின் வாய்க்கு அருகில் எங்காவது ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. படத்தில் முதலில் செடிக்குள் வைக்கிறார்கள். லீனா தலையைத் திருப்பித் திருப்பிப் பேச, பாதி வசனம் பதிவாகவில்லை. பிறகு ஆடைக்குள் தைக்கிறார்கள், வசனத்துக்குப் பதில் இதயத் துடிப்பு கேட்கிறது. கேமரா வேறு கரகரவென்று சத்தம் போடும். அதனால் கேமராவையும் அதை இயக்குகிறவரையும் சேர்த்துக் சத்தம் வெளியே வராத, கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்குள் அடைத்தார்கள். ஓடியாடிக்கொண்டிருந்த கேமரா ஒரே இடத்தில் நின்றுபோனது. ஆடை வடிவமைப்பாளர் வால்டர் பிளங்கெட் போல அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் படக்குழுவிலேயே இருந்தார்கள். கதாசிரியர்களும் ஸ்டுடியோவின் பழைய ஆட்களிடம் விசாரித்து எழுதினார்கள். அதனால்தான் கேலியாக எடுத்த காட்சிகளில்கூட உண்மையின் எடை இருக்கிறது.

பிளேபேக் பிறந்த கதை

சரி, ஒரு கேள்வி. ஒருவர் குதித்து, சுழன்று, ஓடி ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்காதா? வாங்கும். அதனால் ஆடும்போது பாடுவதில்லை.

முறை இதுதான். முதலில் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்குழுவோடு பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, நடிகர் அதற்கு வாயசைத்து ஆடுவார். கேமரா நொடிக்கு 24 கட்டம் என்ற மாறாத வேகத்தில் ஓடும். பேசாப்படத்தில் இந்த வேகம் முன்னே பின்னே இருக்கலாம், ஒலி வந்த பிறகு அது நடக்காது. கடைசியில் படத்தையும் முதலிலேயே பதிவு செய்த பாட்டையும் இணைத்துவிட்டால் முடிந்தது. இதுதான் பிளேபேக். நம்மூரில் பின்னணிப் பாடல் என்றதும் நடிகருக்காக வேறொருவர் பாடுவது என்று நினைக்கிறோம். அடிப்படையில் பிளேபேக் என்றால் பதிவான பாட்டைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் படமெடுப்பது. கெல்லி தன் குரலிலேயே பாடியவர்தான். அவரும் தன் குரலுக்கே வாயசைத்தார்.

ஹாலிவுட்டில் இந்த முறை தோன்றியதற்கு ஒரு கதை உண்டு. 1929-இல் எம்ஜிஎம் எடுத்த 'த பிராட்வே மெலடி' என்ற படத்தில் பொம்மைக் கல்யாணம் பற்றிய ஒரு பாட்டு. எடுத்து முடித்த காட்சி தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்குக்குப் பிடிக்கவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னார். அதுவரை வாத்தியக்குழுவும் படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார்ந்து நேரடியாக வாசிப்பார்கள். திரும்ப எடுப்பதென்றால் அத்தனை பேருக்கும் மறுபடி கூலி. ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரர் சொன்னார்: ஒலி நன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது, அதையே ஓடவிட்டு ஆடச் சொன்னால் என்ன? செய்தார்கள், வேலை செய்தது. அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது.

அந்தப் பொம்மைக் கல்யாணப் பாட்டை எழுதியவர் யார்? ஆர்தர் ஃப்ரீட். 'சிங்கின் இன் த ரெயின்' படத்தின் நடுவில் வரும் தொகுப்புக் காட்சியிலும் அந்த மெட்டு சில நொடி வந்துபோகும். தெரிந்தவர்களுக்கு அது ஒரு சிறு வணக்கம் மாதிரி.

ஆட்டத்தின் ஓசைக்கும் ஒரு தந்திரம் உண்டு. இதில் வருவது டேப் நடனம். காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தி, தரையைத் தட்டித் தாளம் எழுப்புவார்கள். காலே ஒரு வாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும் தளத்தில் அந்தத் தட்டலைப் பதிவு செய்ய முடியாது. ஆகவே படமெடுத்த பிறகு, திரையைப் பார்த்தபடி மறுபடி தட்டிப் பதிவு செய்து சேர்ப்பார்கள். மழைப் பாட்டில் தண்ணீருக்குள் கேட்கும் தாளமும் அப்படிப் பின்னால் சேர்த்ததே.

அந்த மழை

உலகத்துக்கெல்லாம் தெரிந்த காட்சி. கேத்தியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, காத்திருந்த வண்டியைப் போகச் சொல்லிவிட்டு, டான் மழையில் நடக்கிறான். குடையை மடக்குகிறான். பிறகு ஆடுகிறான்.

இது நிஜ மழையும் இல்லை, நிஜ இரவும் இல்லை. எம்ஜிஎம் வளாகத்துக்குள் போட்டிருந்த தெரு செட். பகலில் படமெடுக்க வேண்டி, தெருவையே தார்ப்பாயால் மூடி இருட்டாக்கினார்கள். மேலே குழாய்கள் ஓடவிட்டு நீர் தெளித்தார்கள். நடன அடி எங்கெங்கே விழுமோ அந்தந்த இடத்தில் தரையைத் தோண்டிக் குட்டை அமைத்தார்கள். ஒரு கட்டத்தில் நீரின் அழுத்தம் குறைந்துபோனது. காரணம் தேடினால், மாலையில் வீடு திரும்பிய ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் புல்தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்களாம்.

மழை கேமராவில் தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. அது உண்மையில்லை. பின்னாலிருந்து விளக்கு அடித்தார்கள், அவ்வளவுதான். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரவில் தெருவிளக்கைப் பார்த்தபடி நின்றால் சின்னத் தூறல்கூட வெள்ளிக் கம்பியாகத் தெரியும். விளக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அதே தூறல் கண்ணுக்குப் படாது. ஒளி நமக்கும் விளக்குக்கும் நடுவில் உள்ள துளியில் பட்டுச் சிதறி வருவதால்தான் அப்படி.

கெல்லிக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல். நனைந்த கம்பளிச் சூட்டு உடம்பிலேயே சுருங்கிக்கொண்டிருந்தது. திரையில் தேடிப் பாருங்கள், ஒரு சின்ன நடுக்கம்கூடக் கிடைக்காது.

இந்தப் பாட்டை நான் இசைப்படத்துக்கான பாடமாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் அவன் நடக்கத்தான் செய்கிறான். பிறகு வார்த்தை இல்லாமல் முனகுகிறான். அந்த முனகல் தொடக்கம் ஈடன்ஸ் சேர்த்துக் கொடுத்தது. அந்த இரண்டு வரி இசை இல்லாவிட்டால் நடையிலிருந்து பாட்டுக்குப் போகும் வழி இருந்திருக்காது. முனகல் பாட்டாகிறது, பாட்டு ஆட்டமாகிறது, ஆட்டம் பெரிதாகிக் குடையோடு அவன் நடுத்தெருவில் சுழலும்போது கேமராவும் மேலே எழும்புகிறது. அதன் பிறகு அழகான இடம்: சிறுபிள்ளை மாதிரி குட்டையில் தத்தக்கா பித்தக்கா என்று குதிக்கிறான். நடனமே மறந்துபோய் வெறும் குதூகலம் மட்டும். ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். டான் அடங்கி, எதிரே வருகிற யாரோ ஒருவரிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். வெறும் நடையில் தொடங்கியது வெறும் நடையிலேயே முடிகிறது. எங்கே பேச்சு முடிந்து பாட்டு தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

காலில் ரத்தம்

டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது 19 வயது. ஜிம்னாஸ்டிக் பழகிய பெண், முறையான நடனப் பயிற்சி கிடையாது. கெல்லியோடும் ஓ'கானரோடும் சரிசமமாக ஆட வேண்டும், அதுவும் சில மாதப் பயிற்சியில். கெல்லி கடுமையானவர், அதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஒருநாள் ஸ்டுடியோவில் ஒரு பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ரெனால்ட்ஸை ஃப்ரெட் அஸ்டேர் பார்த்தார். அஸ்டேர் என்றால் அன்றைக்கு நடனத்தின் உச்சம். அவர் அந்தப் பெண்ணைத் தன் ஒத்திகைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். தானே முகம் சிவந்து வியர்த்துக் கொட்ட உழைப்பதைக் காட்டினார். அவர் வேறு அறிவுரை எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மூவரும் நள்ளிரவுக்குப் பிறகு வீடு முழுக்க ஆடிச் சோபாவைக் கவிழ்க்கிறார்களே, அந்தப் பாட்டைக் காலையில் தொடங்கி இரவு 11 மணி வரை எடுத்தார்கள். முடிந்தபோது ரெனால்ட்ஸின் பாதங்களில் ரத்தம். இந்தப் படமும் பிரசவமும்தான் தன் வாழ்க்கையின் மிகக் கடினமான இரண்டு வேலைகள் என்று அவர் பிற்காலத்தில் சொல்வார்.

ஓ'கானர் சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் போடும் பாட்டு இன்னொரு சோதனை. எடுத்து முடித்துப் படுக்கையில் விழுந்தவர் சில நாள் கழித்து எழுந்து வந்தால், ஃபிலிம் கெட்டுப்போயிற்று, மறுபடி ஆட வேண்டும் என்றார்கள். ஆடினார். படத்துக்கென்று புதிதாக எழுதிய மிகச் சில பாட்டுகளில் அது ஒன்று. ஆனால் அதன் மெட்டு 1948-இல் கோல் போர்ட்டர் கெல்லியின் வேறொரு படத்துக்கு எழுதிய பாட்டை அப்படியே நினைவுபடுத்தும். போர்ட்டர் வழக்கு எதுவும் போடவில்லை. பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசிப் பகுதியில் சிட் சாரிஸுடன் வரும் நீண்ட பாலே பற்றி எனக்குச் சற்றுக் குறை உண்டு. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. படத்தின் சுமார் 25 லட்சம் டாலர் செலவில் ஏறத்தாழ 6 லட்சம் அதற்கே போயிற்று. ஆனால் கதை அங்கே நின்றுவிடுகிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் சலித்தால் தங்கள் ரசனையைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஏணியும் மின்விசிறியும்

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி மழைப் பாட்டு அல்ல. டான் தன் காதலை கேத்தியிடம் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. நடிகன் அல்லவா, சூழல் இல்லாமல் பேச முடியவில்லை. ஆகவே அவளை வெறிச்சோடிக் கிடக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கு அழைத்துப்போகிறான். ஒரு விசையைத் தட்டுகிறான், அந்திவானம் வருகிறது. இன்னொன்று, பனிமூட்டம். பெரிய மின்விசிறியைப் போடுகிறான், தென்றல். அவளை ஓர் ஏணியில் ஏற்றி நிற்கவைக்கிறான், அது மாடமாகிவிடுகிறது. எல்லாத் தந்திரத்தையும் நம் கண்முன்னால் பிரித்துக் காட்டிவிட்டு, அதே தந்திரத்துக்குள் நின்று பாடத் தொடங்குகிறான். தெரிந்தே மயங்குகிறோம்.

படம் முழுவதும் இதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். சினிமா எப்படிச் செய்த பொய் என்று காட்டிக்கொண்டே, அந்தப் பொய்யை நாம் நேசிக்கும்படி செய்கிறது. அது ஒரு படி மேலே போய், பெட்டி நோய்ஸ் விஷயத்தில் மட்டும் தன் பொய்யைக் காட்டாமல் மறைத்தும் வைத்துவிட்டது.

ஹாலிவுட்டில் இப்படி மறைவில் பாடியவர்களுக்குப் 'பேய்ப் பாடகர்' என்றே பெயர். 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகவும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்காகவும் பாடிய மார்னி நிக்சனுக்கும் அந்தப் படங்களில் பெயர் போடவில்லை. நோய்ஸ் 1941-இல் 'டம்போ' என்ற கார்ட்டூன் படத்தில் தாய் யானை பாடும் தாலாட்டைப் பாடியவர். அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, அப்போதும் டைட்டிலில் அவர் பெயர் இல்லை.

நம்மிடம் வரலாறு வேறுவிதமாகப் போனது. 1931-இல் 'காளிதாஸ்' வந்ததிலிருந்து பாடத் தெரிந்தவர்களே நட்சத்திரங்கள். 1938-இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியதுதான் தமிழில் இரவல் குரலின் தொடக்கம். பிறகு காலப்போக்கில் பின்னணிப் பாடகர் பெயரைத் திரையில் போடுவது வழக்கமாகி, அந்தப் பெயருக்காகவே கூட்டம் வரும் நிலைக்கு வந்தோம். நடிகர் பாடவில்லை என்று தெரிந்தே ரசிக்கிற நமக்கு, லீனாவின் ரகசியம் அம்பலமாகும் கடைசிக் காட்சி சற்று அதிகமாகவே தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. ஊரே கைகொட்டிச் சிரிக்க அவள் ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஹேகன் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்.

பிறகு

படம் 1952 மார்ச்சில் நியூயார்க்கில் வெளியாகி நன்றாகவே ஓடியது. ஆனால் உரிய மரியாதை கிடைக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்புதான் ஃப்ரீடும் கெல்லியும் செய்த முந்தைய படம் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியிருந்தது. எல்லார் கண்ணும் அதன் மேல். அடுத்த ஆண்டு ஆஸ்கரில் 'சிங்கின் இன் த ரெயின்' படத்துக்கு இரண்டே பரிந்துரைகள், ஹேகனின் நடிப்புக்கும் இசைக்கும். விருது ஒன்றுகூட இல்லை. கெல்லியோடு சேர்ந்து இயக்கிய ஸ்டான்லி டோனெனுக்குப் படப்பிடிப்பின்போது 27 வயதுதான். இயக்குநர் விருதுக்குப் போட்டியிட்டுத் தோற்கிற வாய்ப்புகூட அவர்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை.

1974-இல் எம்ஜிஎம் தன் பழைய இசைப்படங்களின் சிறந்த பகுதிகளைத் தொகுத்து 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' என்று வெளியிட்டபோது புதிய தலைமுறை இந்தப் படத்தைத் தேடிப் பார்த்தது. 1989-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியபோது பாதுகாக்க வேண்டிய முதல் 25 படங்களில் இதுவும் ஒன்று. 2006-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தன் நாட்டின் சிறந்த இசைப்படங்களை வரிசைப்படுத்தி இதை முதலிடத்தில் வைத்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் விமர்சகர்களிடம் வாக்கெடுக்கும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகையின் 2022 பட்டியலில் 10-ஆம் இடம். பேசாப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு மாறிய காலத்தைப் பற்றி யார் எடுத்தாலும், 'த ஆர்ட்டிஸ்ட்' ஆகட்டும் 'பாபிலோன்' ஆகட்டும், இந்தப் படத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல்முறை இதெல்லாம் எதுவும் நினைக்காமல் சும்மா பாருங்கள். இரண்டாம் முறை, கேத்தி மைக் முன் நின்று பாடும் இடம் வந்ததும் கண்ணை மூடிக் கேளுங்கள். அப்புறம் கடைசிச் சட்டகத்துக்குக் காத்திருங்கள். ஒரு மேட்டில் டானும் கேத்தியும் நிற்கிறார்கள், பின்னால் பெரிய விளம்பரப் பலகை. அதில் அவர்கள் சேர்ந்து நடித்த புதிய படத்தின் பெயர் 'சிங்கின் இன் த ரெயின்' என்று எழுதியிருக்கிறது. கீழே இருவர் படமும் பெயரும் சமமான அளவில்.